மேக்கரைத் தோப்பில் இரண்டு வண்டிகள்

இரண்டு வண்டிகளையும் ஒப்பிட்டு முடிவு சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம், எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதுதான். ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஏதாவது ஒரு பக்கம் சாய்வு இருக்கும். எனக்கு இரண்டின் மேலும் சமமான பயம் இருந்தது. எங்கள் கல்லூரியில் இதை நடுநிலை என்பார்கள்.

வாங்கப்போகிறவன் விஜய்பாண்டி. கீழப்பாவூர்க்காரன், என் வகுப்பு. வீட்டில் அழுது, சாப்பிடாமல் இருந்து, கடைசியில் சாப்பிட்டு, ஒருவழியாகச் சம்மதம் வாங்கிவிட்டான். காடு மேடு ஏறும் எண்டூரோ வண்டிதான் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தான். கீழப்பாவூரிலிருந்து குற்றாலத்தில் இருக்கும் எங்கள் கல்லூரி வரைக்கும் தார் ரோடுதானே, நடுவில் காடு எங்கே வருகிறது என்று கேட்டேன். "நாளைக்கே வந்தா என்னலே செய்வ?" என்று கேட்டான். காடு வந்தால் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

போட்டியில் இரண்டு வண்டிகள். ஒன்று இருநூறு சிசி, மெலிந்த உடம்பு, ஷெர்லினுடையது. ஷெர்லின் செங்கோட்டை, எங்கள் வகுப்பில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் என்று சொன்னால் பையன்கள் கோபித்துக்கொள்வார்கள், அதனால் சொல்லவில்லை. இன்னொன்று நானூற்றைம்பது சிசி, விஜய்பாண்டியின் அத்தான் செந்தில்வேலுடையது. அத்தான் போலீஸில் இருக்கிறார். சத்தம் போடும் சைலன்சரோடு போகிற பையன்களை மறித்து அதைக் கழற்ற வைப்பது அவர் அன்றாடம் செய்கிற வேலை. அவர் வண்டியிலும் அப்படியொரு சைலன்சர்தான் இருந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டால் போதும், பின்னால் படார் படார் என்று வெடிக்கும்.

ஒரு மாதமாக நான் வீடியோக்களாகப் பார்த்து ஒரு அட்டவணை தயாரித்திருந்தேன். தரையிலிருந்து உயரம், சீட்டின் உயரம், ஷாக் அப்சார்பர் எவ்வளவு அமுங்கும், எல்லாம் இருந்தது. எடை என்ற கட்டத்தில் பெரிய வண்டி நாற்பது கிலோ கூடுதல் என்று போட்டு, பக்கத்தில் "ஒரு சிமெண்ட் மூட்டையைவிடக் குறைவு, ஓட்டத்தில் தெரியாது" என்று எழுதியிருந்தேன். ஓட்டத்தில் உண்மையிலேயே தெரியாது. அதற்கு நான் இன்றைக்கும் பொறுப்பு.

சோதனை ஓட்டம் மேக்கரையில், ஷெர்லின் வீட்டுத் தோப்பில் என்று முடிவானது. ஆவணி பிறந்தும் சாரல் விடாத ஒரு சாயங்காலம். பண்பொழி தாண்டும்போதே மலை பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. நான் ஷெர்லினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த வண்டியில் பின்சீட்டு என்பது ஒரு மரியாதைக்காக வைத்திருப்பது.

தோப்பு வாசலில் யானை லத்தி கிடந்தது.

"பழசு. காஞ்சுட்டு," என்றாள் ஷெர்லின்.

இந்தச் சாரலில் என் ஜீன்ஸே நான்கு நாளாகக் காயவில்லை, இது மட்டும் எப்படிக் காய்ந்தது என்று தோன்றியது. கேட்டால் பயப்படுகிறான் என்பார்கள். கேட்கவில்லை. பயந்தேன்.

"காவலுக்கு ஆள் இல்லையா?" என்று மட்டும் கேட்டேன்.

"மவ வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்காரு. நாளைக்கு வந்துருவாரு."

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஷெர்லின் வீட்டுத் தோப்பு மாவும் தென்னையுமாகக் கிழக்கே, ரோட்டுப் பக்கம். அதற்கு மேற்கே மூங்கில் மண்டிய ஒரு ஓடை. ஓடைக்கு வடக்கே ஒரு தோப்பு, அதைத் தாண்டினால் ஊர்; தெற்கே ஒரு தோப்பு. மேற்கே, மலையை ஒட்டி, நம்பிராஜன் அண்ணாச்சியின் வாழை. ஏத்தன் வாழை, அதாவது நேந்திரம். ஓணத்துக்கு வெட்டிக் கேரளாவுக்கு ஏற்றுவதற்காக வருஷம் முழுக்கப் பிள்ளை மாதிரி வளர்ப்பார் என்று ஷெர்லின் சொன்னாள். நான்கு இடத்துக்கும் நடுவே ஓடை. ஓடையில் என்ன இருந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

சின்ன வண்டியை ஷெர்லின் ஓட்டிக் காட்டினாள். மேட்டில் ஏறினாள், வாய்க்காலைத் தாண்டினாள், தென்னைகளுக்கு நடுவே வளைந்து வந்து எங்கள் முன்னால் நிறுத்தினாள். ஸ்டாண்டில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள். சொல்வதற்கு எதுவும் இல்லாத ஓட்டம். அட்டவணையில் "சரி" என்று எழுதினேன்.

அடுத்தது விஜய்பாண்டி. மேட்டில் ஏறும்போது பெரிய வண்டி நன்றாகத்தான் போனது. உச்சியில் நின்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். இறங்கும்போது பயத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டுவிட்டான். படார், படார், படார் என்று வெடித்துக்கொண்டே வந்தது. சாரல் காற்றில் அந்தச் சத்தம் மலையில் போய் முட்டித் திரும்பியது. கீழே வாய்க்கால் ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கி, வண்டி இடது பக்கமாக மெதுவாக, கல்யாண வீட்டில் பெரியவர்கள் உட்காருவது மாதிரி நிதானமாகச் சாய்ந்தது. எஞ்சின் நின்றுவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவனும் சிரித்தான்.

"தூக்குங்கலே. காலு அடியில கெடக்கு."

தூக்கினோம். வண்டி வரவில்லை. இன்னொரு தடவை தூக்கினோம். என் செருப்பு சேற்றில் வழுக்கி நான் உட்கார்ந்துவிட்டேன். வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது. விஜய்பாண்டியின் சிரிப்பு நின்றது.

"வலிக்காலே?"

"வலிக்கல. சூடா இருக்கு. எடுலே மொதல்ல."

அப்போது வடக்குத் தோப்பில் ஒரு வெடி வெடித்தது. பிறகு தெற்கே ஒன்று. பிறகு மேற்கே, வாழைப் பக்கம், சரமாக. யாரோ தகரத்தை அடித்தார்கள். யாரோ ஓங்கிக் கத்தினார்கள்.

"நம்ம சத்தம் கேட்டு அவங்களும் கொண்டாடுதாங்களோ," என்றேன்.

ஷெர்லின் சிரிக்கவில்லை. ஓடைப் பக்கம் திரும்பி நின்றாள்.

"அது யானைக்குப் போடுத வெடி," என்றாள். "ஒரு தோப்புல வெடி கேட்டா எல்லாத் தோப்புலயும் போடுவாங்க. இல்லன்னா அங்கன இருந்து தொரத்துனது இங்கன வந்து எறங்கிரும்லா."

"மொதல்ல எந்தத் தோப்புல போட்டாங்க?"

அவள் சேற்றில் கிடந்த அத்தானின் சைலன்சரைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம்.

மூன்று பக்கமும் வெடி. சத்தம் இல்லாத ஒரே பக்கம் நாங்கள் இருந்த பக்கம்.

"ஓடையில எதுவும் இருக்கணும்னு அவசியம் இல்ல," என்றான் விஜய்பாண்டி கீழேயிருந்து. "சும்மா இருக்கும்."

ஓடையில் மூங்கில் முறிந்தது.

பயத்தைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும் என்று நினைத்திருந்தேன். வைவா, பல் டாக்டர், தெரு நாய் என்று பல வகை பார்த்தவன். அவை எதுவும் இது இல்லை. இது உள்ளங்காலில் தொடங்கியது. ஓட வேண்டும் என்று கால் நினைத்தது. அதே கால்தான் நகர மாட்டேன் என்றது.

"நீங்க ரெண்டு பேரும் போயிருங்கலே," என்றான் விஜய்பாண்டி. நல்ல சினேகிதன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, உடனே என் பேண்டைப் பிடித்துக்கொண்டான். "போயிராதீங்கலே."

"சத்தம் போடாத," என்றாள் ஷெர்லின். "லிங்கம், ஹேண்டிலுக்கு அடியில தோள குடு. தூக்க வேண்டாம். இதுக்கு மேல எறங்காமப் பிடி. நான் மண்ணத் தோண்டுதேன்."

குனிந்து தோளைக் கொடுத்தேன். அவள் ஒரு காய்ந்த தென்னம்பாளையை எடுத்து அவன் முழங்காலுக்குக் கீழே சேற்றைக் கிண்டத் தொடங்கினாள். கிண்டக் கிண்ட வாய்க்கால் தண்ணீர் குழியில் நிரம்பியது. பெட்ரோல் வாடை அடித்தது. வண்டி என் தோளில் இறங்கிக்கொண்டே இருந்தது.

மாமரங்களுக்கு நடுவே, அதற்குள் இறங்கிவிட்ட இருட்டில் ஒரு துண்டு தனியாக நகர்ந்தது. பிறகு அதற்கு ஒரு கொம்பு இருந்தது. பிறகு காது.

ஒத்தை யானை. எங்களுக்கும் அதற்கும் நடுவே இருந்தது ஷெர்லினின் வண்டி மட்டும். எஞ்சின் இன்னும் ஆறாமல் டிக், டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தது. யானை அதன் முன்னால் நின்றது. துதிக்கையை நீட்டி ஹேண்டிலைத் தொட்டது, சீட்டைத் தடவியது, டேங்கை மோந்தது. ஒரு மாதமாக நான் பார்த்த எந்த வீடியோவிலும் ஒரு வண்டியை யாரும் இவ்வளவு பொறுமையாகப் பரிசோதித்தது கிடையாது. பிறகு நெற்றியை வைத்து லேசாகத் தள்ளியது. வண்டி விழுந்த சத்தத்தில் அதுவே ஒரு அடி பின்னால் போய், காதை விரித்து, எங்கள் பக்கம் திரும்பி நின்றது.

வடக்கே வெடி. யானை எங்களை நோக்கி இரண்டு அடி வைத்தது. தெற்கே வெடி. இன்னும் ஒரு அடி.

"ஒவ்வொரு வெடிக்கும் இங்கன தள்ளுதாங்க," ஷெர்லின் உதடு மட்டும் அசைந்தது. "என் போன எடு. நம்பிராஜன் அண்ணாச்சிக்கு அடி. மலப் பக்கம் வெடிய நிறுத்தச் சொல்லு. அது வந்த வழிக்குப் போகட்டும்."

அவள் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தேன். 'மேக்கரை யானை அலர்ட்' என்று ஒரு வாட்ஸப் குழு. அதில் ஒருவர் "எந்தத் தோப்பு?" என்று கேட்டிருந்தார். ஒருவர் "போட்டோ போடவும்" என்றிருந்தார். இன்னொருவர் ரோஜாப்பூ வைத்து மாலை வணக்கம் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் போன் என் கையில் அதிர்ந்தது; ஒவ்வொரு அதிர்வுக்கும் நான் செத்துப் பிழைத்தேன். நம்பிராஜன் அண்ணாச்சி எண்ணைத் தேடி அழுத்தினேன். தோளில் வண்டி, காதில் போன்.

"யாரு?" குரலுக்குப் பின்னால் அவர் தோப்பு வெடி கேட்டது.

"அண்ணாச்சி, நான் லிங்கம். குத்தாலிங்கம். ஷெர்லின் தோப்புல இருக்கோம்."

"எந்த லிங்கம்? சத்தமாப் பேசுலே."

"சத்தமாப் பேச முடியாது அண்ணாச்சி. யானை நிக்கி."

"எந்த ஊரு?"

"இலத்தூர்."

"யாரு மவன்?"

யானை இன்னும் ஓர் அடி வைத்தது. அதன் கால் சேற்றில் பதிந்து வெளியே வரும் சத்தம் கேட்டது, சப்பென்று.

"செல்லப்பா மவன்."

"எந்தச் செல்லப்பா? போஸ்ட் ஆபீஸா, உரக்கடையா?"

"உரக்கடை. அண்ணாச்சி, ஒருத்தன் கால் வண்டிக்கு அடியில மாட்டிருக்கு. எடுக்க முடியல. நீங்க வெடிய நிறுத்துங்க. உங்க பக்கம் வழி விடுங்க."

 நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே அப்போதுதான் புரிந்தது.

"என் பக்கம் வழி விட்டா என்ன நடக்கும்னு தெரியுமால?" அவர் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. "கொல தள்ளி நிக்கு. எல்லாம் ஓணத்துக்கு."

"தெரியும் அண்ணாச்சி."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்."

 யானை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு தோள்தான், அதிலும் வண்டி இருந்தது. விஜய்பாண்டி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். ஷெர்லின் பாளையை விட்டுவிட்டு நகத்தால் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"வடக்க உள்ளவன நிறுத்தச் சொன்னா என்ன?"

"வடக்க ஊரு இருக்கு அண்ணாச்சி."

ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு போனைத் தள்ளி வைத்துக்கொண்டு அவர் யாரிடமோ சொன்னது கேட்டது: "ஏ மணிமுத்து, போதும்ல. வைக்காத. தகரத்தயும் கீழ போடு. எல்லாரும் மோட்டார் ரூமுக்கு வாங்க. வாங்கன்னா வாங்கலே."

மேற்கே சத்தம் அடங்கியது.

வடக்கிலும் தெற்கிலும் வெடித்துக்கொண்டே இருந்தார்கள். யானைக்கு இது உடனே புரியவில்லை. எங்களுக்கு அவ்வளவு அருகில் நின்றதால் அது மூச்சு விடுவது கேட்டது. பெரிய பஸ் கதவு மூடும்போது வருமே, அப்படி ஒரு மூச்சு. துதிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் காற்றை இழுத்தது. என் வியர்வையில் அந்த நேரத்தில் என்னென்ன இருந்தது என்று அதற்கு முழு விவரமும் கிடைத்திருக்கும்.

தெற்கே ஒரு வெடி. யானை அசையவில்லை. காதை மட்டும் ஒருமுறை ஆட்டியது. மேற்கே திரும்பி நின்று, இல்லாத சத்தத்தைக் கேட்டது.

பிறகு நடந்தது. ஓடவில்லை, கோபப்படவில்லை. சந்தை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் மாதிரி ஓடைக்குள் இறங்கியது. மூங்கில் அசைந்தது. அப்புறம் அசையவில்லை.

"இப்ப. ஒரே தூக்கு," என்றாள் ஷெர்லின்.

தூக்கினேன். இரண்டு விரல் உயரம் எழும்பியது. அது போதுமாக இருந்தது. அவள் அவன் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து இழுத்தாள். கால் வந்தது, ஷூ வரவில்லை. நான் வண்டியை விட்டேன். அது சேற்றில் போய்ச் சௌகரியமாகப் படுத்துக்கொண்டது. கணுக்கால் அதற்குள் பூசணி மாதிரி ஆகியிருந்தது. அவன் விரல்களை அசைத்துப் பார்த்தான். அசைந்தன. உடனே அழ ஆரம்பித்தான், சத்தமே இல்லாமல், வாயைப் பொத்திய கையை எடுக்காமல்.

போன் இன்னும் என் காதில் இருந்தது. மறந்துபோயிருந்தேன்.

"கால் வந்துட்டா?" என்றார் நம்பிராஜன் அண்ணாச்சி.

"வந்துட்டு அண்ணாச்சி."

"ஒடஞ்சிருக்கா?"

"வெரல அசைக்கான். வீங்கிருக்கு."

"இப்ப வெளிய போவாதீங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணிராதீங்க. அது இங்கனதான் நிக்கி."

அப்போதுதான் முதல் வாழை சாய்ந்தது. போனில் முதலில் கேட்டது. ஒரு கணம் கழித்துக் காற்றிலும் கேட்டது. நனைந்த துணியைக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம். பிறகு தொப்பென்று குலை விழும் சத்தம். அதுவும் இரண்டு தடவை.

 அடுத்த வாழை. போனில், பிறகு காற்றில்.

"ஒண்ணு கேக்கேன்," என்றார் அண்ணாச்சி. "அது பாட்டுக்கு ஓடையில கெடந்துருக்கு. எங்களுக்குத் தெரியாது. ஒங்க தோப்புலதான் மொத வெடி கேட்டுது. எவம்லே போட்டான்? காவக்காரரும் ஊர்ல இல்லல்லா."

நான் ஷெர்லினைப் பார்த்தேன். அவள் விஜய்பாண்டியைப் பார்த்தாள். சும்மா இருந்தால் தெரியப்போவதில்லை. சின்னப் பிள்ளைகள் யாரோ வேலிப்பக்கம் வெடித்துவிட்டு ஓடிவிட்டார்கள் என்று சொல்லலாம். ஆள் தெரியாது, இருட்டு என்று சொல்லலாம். இதையெல்லாம் தயாரிப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு; வாக்கியம் நாக்குக்கு வந்துவிட்டது. ஆனால் போனில் மூன்றாவது வாழை சாய்ந்தது. அவர் மூச்சு ஒருமுறை நின்று பிறகு வந்தது எனக்குக் கேட்டது.

விஜய்பாண்டி கையை நீட்டினான். போனைக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, நான் கீழப்பாவூர் விஜய்பாண்டி. காலு மாட்டுனவன். அது வெடி இல்ல அண்ணாச்சி. நான் ஓட்டுன வண்டி. சைலன்சர் வெடிச்சுது. நாந்தான்."

அவன் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தான், வரப்போகும் வசவுக்கு இடம் விட்டு. நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தோம். யானை முன்னால் நின்றபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியாவிட்டாலும் எங்கே பார்ப்பது என்று தெரிந்தது. இப்போது அதுவும் தெரியவில்லை.

வசவு வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ, மணிமுத்தாக இருக்கும், "யாரு அண்ணாச்சி, என்ன சொல்லுதான்?" என்று கேட்பது காதில் விழுந்தது. 

நான்காவது. ஐந்தாவது. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை.

"நாளைக்குக் காலையில வாங்க," என்றார் கடைசியில். "மூணு பேரும். விழுந்தத வெட்டி ஒதுக்கணும்."

"வாறோம் அண்ணாச்சி."

"அந்தக் காலோட நீ எப்பிடி வருவ?"

"வருவேன் அண்ணாச்சி."

"ம்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. விஜய்பாண்டியும் வைக்கவில்லை. போனைத் தன் வீங்கிய காலுக்குப் பக்கத்தில் ஒரு தென்னை மட்டையின் மேல் நிறுத்தி வைத்தான். வடக்கிலும் தெற்கிலும் வெடி ஓய்ந்திருந்தது. சாரல் மறுபடி விழத் தொடங்கியது. மோட்டார் ரூமில் அவரும், வாய்க்கால் சேற்றில் நாங்களும், யானை சாப்பிட்டு முடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.